இந்தத் துப்பாக்கியும் சுடும்!

ராத்திரி ஒன்பது மணிக்கு, பாத்திரமெல்லாம் அலம்பிக் கவிழ்த்த பிறகுதான் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஞாபகம் வரும். "அம்மா, நாளைக்கு ஸ்கூலுக்கு மாடல் கொண்டு போகணும்மா! இல்லேன்னா மிஸ் திட்டுவாங்க." வீட்டைக் குடைந்தால் அட்டை கிடைத்துவிடும், தெர்மகோல் கிடைத்துவிடும், பழைய கலர் டப்பாகூட அகப்படும். எதைக்கொண்டு ஒட்டுவது என்பதுதான் பிரச்சினை. ஃபெவிகால் போட்டால் நன்றாகக் காய்வதற்குள் பொழுது விடிந்துவிடும். டேப் போட்டாலோ, ஸ்கூல் வேனில் ஏறுவதற்குள் எரிமலை இரண்டாகப் பிளந்திருக்கும்.

இந்தச் சங்கடத்துக்கென்றே பிறந்ததுபோல இப்போது அநேக வீடுகளில் ஒரு க்ளூ கன் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஸ்டேஷனரிக் கடை, ஹார்டுவேர் கடை, ஆன்லைன் என்று எங்கு பார்த்தாலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பிளக்கைச் சொருகி ஐந்து நிமிஷம் காத்திருந்து விசையை அழுத்தினால், மூக்கிலிருந்து பசை உருகி வருகிறது; அரை நிமிஷத்துக்குள் ஒட்டிக்கொண்டும்விடுகிறது. நவராத்திரிக்குக் கொலு ஜோடனை, கல்யாண வீட்டுச் சீர்வரிசைத் தட்டு, வாசலுக்குத் தோரணம், குழந்தைக்கு ஹேர் கிளிப்... இவற்றைச் செய்து கொடுத்து, வீட்டிலிருந்தபடியே நாலு காசு சம்பாதிக்கிற சகோதரிகளும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எல்லாம் சரிதான். ஆனால் துப்பாக்கி என்று யாரோ விளையாட்டாகப் பெயர் வைத்திருந்தாலும், அது சுடுவது என்னவோ நிஜம்!

பசை இல்லை, பாகு!

முதலில் ஒரு விஷயத்தை மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். 'க்ளூ' என்ற வார்த்தையைக் கேட்டதும் நாம் பசை என்று நினைத்துவிடுகிறோம். ஸ்கூலில் மைதாவைக் காய்ச்சி ஒட்டியதிலிருந்து ஃபெவிகால் வரை, நமக்குப் பழக்கமான பசையெல்லாம் கையில் பட்டால் பிசுபிசுக்கும், காய்ந்ததும் உரித்தால் வந்துவிடும், அவ்வளவுதான். இது அந்த ஜாதி இல்லை. இந்தக் குச்சி ஒருவகை பிளாஸ்டிக். எத்திலீன் வினைல் அசிடேட் என்ற பொருளோடு பிசினும் மெழுகும் சேர்த்துச் செய்வது. லேசான ஈ.வி.ஏ. செருப்பு என்று வாங்குகிறோமே, அதற்கும் மூலப்பொருள் இதே குடும்பம்தான். தடியான புத்தகங்களின் முதுகை அச்சகத்தில் ஒட்டுவதும் பெரும்பாலும் இதே மாதிரி உருக்கிய பசையைக்கொண்டுதான். இதில் தண்ணீர் கிடையாது. அதனால் 'காய்வது' என்ற பேச்சே இல்லை. சூட்டில் உருகுகிறது, ஆறினால் இறுகுகிறது. அதாவது, நாம் வெல்லப் பாகு காய்ச்சுகிறோமே, கிட்டத்தட்ட அதே சங்கதிதான்.

கடலை உருண்டை பிடித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கொதிக்கிற தண்ணீர் கையில் தெறித்தால் 'ஸ்...' என்று உதறிவிடுகிறோம், அது வழிந்து போய்விடுகிறது. பாகு தெறித்தால்? உதறினாலும் போகாது. ஒட்டிய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு, தன்னிடமுள்ள சூட்டையெல்லாம் தோலுக்குள் இறக்கிவிட்டுத்தான் ஓயும். க்ளூ கன்னிலிருந்து வருவதும் அப்படித்தான். குறைந்த சூட்டுக் கன் என்று தனியாக வருவதிலேயே பசை சுமார் 120 டிகிரி செல்சியஸில் இருக்கும்; அது உருண்டைப் பாகின் சூடு. சாதாரணக் கன்னில் 190 டிகிரி வரைகூடப் போகும். வடை பொரிகிற எண்ணெயின் சூடு அது! 60 டிகிரி வெந்நீரே ஐந்து விநாடியில் பெரியவர்களின் தோலை ஆழமாக வேக வைத்துவிடும் என்கிறார்கள் மருத்துவர்கள். குழந்தைகளின் தோல் இன்னும் மெல்லியது. மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இங்கே ஒரு தப்பு அபிப்பிராயத்தையும் சொல்லிவிட வேண்டும். "சின்னக் கன்தானே, குழந்தை கையில் குடுக்கலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். 20 வாட்ஸ், 60 வாட்ஸ், 100 வாட்ஸ் என்று பெட்டியில் போட்டிருப்பது எவ்வளவு வேகமாக, எவ்வளவு பசையை உருக்கும் என்பதைத்தான் சொல்லுமே தவிர, எவ்வளவு சூடு என்பதைச் சொல்லாது. கைக்கு அடக்கமான குட்டிக் கன்னும் நன்றாகவே சுடும். 'லோ டெம்பரேச்சர்' என்று பெட்டியில் தெளிவாகப் போட்டிருந்தால்தான் அது குறைந்த சூட்டுக் கன்.

எங்கள் தெருவில் ஒரு பெண், கல்யாணத் தட்டு ஜோடிப்பதில் கெட்டிக்காரி. ஒரு நாள் பசை ஒரு சொட்டு ஆள்காட்டி விரலில் விழுந்திருக்கிறது. சுட்டதும் இன்னொரு கையால் சட்டென்று பிய்த்து எறிந்திருக்கிறாள். பசையோடு தோலும் வந்துவிட்டது. பிய்த்த விரலும் வெந்துபோயிற்று. "பசைதானேக்கா, எடுத்துப் போட்டா சரியாப் போயிடும்னு நெனச்சேன்" என்றாள். பத்து நாள் சோறு பிசைய முடியாமல் ஸ்பூனால் சாப்பிட்டாள். பெரியவளுக்கே இந்தப் பாடு.

பட்டுவிட்டால் என்ன செய்வது?

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணம், ஜோடனையெல்லாம் மெதுவாகப் படித்துக்கொள்ளலாம். இது அந்த நிமிஷத்தில் ஞாபகத்துக்கு வர வேண்டிய விஷயம்.

சுடு பசை தோலில் விழுந்துவிட்டதா? பிய்க்காதீர்கள், துடைக்காதீர்கள், தேய்க்காதீர்கள். ஓடிப் போய்க் குழாயைத் திறந்து, பசை ஒட்டிய இடத்தை அப்படியே ஓடுகிற தண்ணீரில் காட்டுங்கள். ஒரு நிமிஷம் இரண்டு நிமிஷம் இல்லை; முழுசாக 20 நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்தே செய்யுங்கள். ஏனென்றால் ஐந்து நிமிஷத்தில் எரிச்சல் குறைந்ததும் "போதும்" என்று தோன்றும். உள்ளே இறங்கிய சூடு அதற்குள் தணிந்திருக்காது. வளையல், மோதிரம், வாட்ச் ஏதாவது கையில் இருந்தால் உடனே கழற்றிவிடுங்கள். அப்புறம் வீங்கிவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

தண்ணீர் சாதாரணத் தண்ணீராகவே இருக்கட்டும். ஐஸ் வைக்கக் கூடாது. அது வெந்த தோலை இன்னும் கெடுத்துவிடும். ஆனால் நம் ஊரில் ஒரு விசேஷம் உண்டு. சித்திரை, வைகாசி மத்தியானத்தில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து குழாயில் வருகிற தண்ணீரே காப்பி போடுகிற சூட்டில் இருக்கும்! அந்த நாட்களில் குழாயை நம்பாமல், குடத்திலோ மண்பானையிலோ இருக்கிற தண்ணீரைச் சொம்பால் மொண்டு விட்டுக்கொண்டே இருங்கள். சின்னக் குழந்தையென்றால் பட்ட இடத்தை மட்டும் நனைத்து, மற்ற உடம்பைத் துண்டால் போர்த்தி வையுங்கள். இருபது நிமிஷத்தில் குழந்தை நடுங்க ஆரம்பித்துவிடும்.

பசை ஆறி இறுகியபின் தானாகக் கழன்று வந்தால் வரட்டும். தோலோடு பிடித்துக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். டாக்டர் பார்த்து எடுப்பார். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். சுத்தமான, பஞ்சு பிரியாத பருத்தித் துணியால் லேசாக மூடிக்கொண்டு போகலாம்.

இனி, நம் பாட்டி வைத்தியங்களுக்கு வருவோம். இங்க் ஊற்றுவார்கள், இட்லி மாவைப் பூசுவார்கள், மஞ்சள் அப்புவார்கள், வெண்ணெய் தடவுவார்கள், இந்தக் காலத்தில் டூத் பேஸ்ட். பாட்டி சொன்னால் பாசத்தோடுதான் சொல்வாள், மறுக்கவில்லை. ஆனால் வெண்ணெய் போன்றவை சூட்டை உள்ளேயே அடைத்து வைக்கும். மாவும் மஞ்சளும் புண்ணில் கிருமியை ஏற்றிவிடும். போதாக்குறைக்கு, காயம் எவ்வளவு ஆழம் என்று பார்ப்பதற்கு டாக்டர் அத்தனையையும் சுரண்டிக் கழுவ வேண்டும். அந்த வலி யாருக்கு? குழந்தைக்குத்தானே! மாமியார் மாவுக் கிண்ணத்தோடு வந்தால், "அத்தை, முதல்ல தண்ணி காட்டிடறேன், டாக்டர் அப்படித்தான் சொல்றார்" என்று பக்குவமாகச் சொல்லிக் குழாயைத் திறந்துவிடுங்கள்.

குழந்தைக்குச் சுட்டால், எத்தனை சின்னதாக இருந்தாலும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுவதுதான் நல்லது. பெரியவர்களுக்கும் முகம், விரல் மூட்டுகள், கொப்புளம், தோல் வெளுத்துப்போய் வலியே தெரியாத இடம் என்றால் தாமதிக்கக் கூடாது. வலியில்லை என்றால் லேசான காயம் என்று அர்த்தமில்லை, ஆழமாக வெந்திருக்கலாம். கண்ணில் பட்டால் தண்ணீரால் அலசிக்கொண்டே நேராக ஆஸ்பத்திரிதான். 108-ஐக் கூப்பிடத் தயங்க வேண்டாம். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

உட்காருகிற இடம்

விபத்து கன்னால் மட்டும் வருவதில்லை. அதன் ஒயராலும் வருகிறது. மேஜை ஓரமாகத் தொங்குகிற ஒயரைப் பார்த்தால் தவழ்கிற குழந்தைக்குப் பாம்பு கிடைத்த மாதிரி சந்தோஷம். பிடித்து ஒரு இழு இழுத்தால் கொதிக்கிற கன் நேராக முகத்தில்தான் வந்து விழும். கைக்குழந்தையும், இரண்டு மூன்று வயசுப் பிள்ளையும் உள்ள வீட்டில் குழந்தை தூங்கிய பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு வேலையை வைத்துக்கொள்ளுங்கள். வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. "நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்" என்று சொல்கிற அம்மாக்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள். காலிங் பெல் அடிக்கும் வரை!

சுவரோரமாக மேஜையைப் போட்டு, ஒயர் சுவர்ப் பக்கமே போகும்படி வைத்துக்கொள்ளுங்கள். பிளக் பாயிண்டில் லொடலொடவென்று ஆடுகிற டூ பின் பிளக் ஆபத்து, தீப்பொறி கிளம்பும். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸாக, அதிலும் தனி ஸ்விட்ச் உள்ளதாக வாங்கிவிட்டால், கன்னில் ஸ்விட்ச் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். மேஜைமேல் நியூஸ் பேப்பர் விரிப்பது நம் வழக்கம். வேண்டாம், அதன்மேல் பசை சொட்டினால் பேப்பரும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். பழைய டைல்ஸ் ஒன்று, இல்லாவிட்டால் ஒரு எவர்சில்வர் தட்டு, அதுதான் கன் நிற்கிற இடம். சிலிக்கோன் விரிப்பு என்று ஒன்று கிடைக்கிறது. அதில் விழுந்த பசை ஆறியதும் அப்பளம் மாதிரி உரிந்து வந்துவிடும். கேக் செய்கிறவர்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கும்.

புடவையோ துப்பட்டாவோ, தலைப்பை இழுத்துச் செருகிப் பின் குத்திக்கொள்ளுங்கள். நைலான், பாலியஸ்டர் துணியானால் பசை பட்ட இடமே சுருங்கிவிடும். தலைமுடியைக் கட்டிக்கொள்ளுங்கள். தலைக்கு மேலே மின்விசிறி வேண்டாம். காற்றில் பசை ஒட்டுவதற்கு முன்பே ஆறிவிடும், இழை இழையாகப் பறந்து கண்ட இடத்தில் ஒட்டும். அதற்குப் பதில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், வாடை வெளியே போய்விடும். பசை புகைந்தால் கன் அதிகமாகச் சூடேறிவிட்டது என்று அர்த்தம், பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் புகையை முகரவே வேண்டாம்.

ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். கன்னும் ஒயரும் ஒரு பக்கம், தண்ணீர் மறு பக்கம். விரல் சுட்டால் சட்டென்று அதில் முக்கலாம், அப்புறம் குழாய்க்குப் போகலாம். ஈரக் கையோடு கன்னைத் தொடக் கூடாது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

நன்றாக ஒட்டும் வித்தை

குச்சி பெரும்பாலும் இரண்டு பருமனில் வருகிறது, 7 மில்லிமீட்டர், 11 மில்லிமீட்டர். 20 வாட்ஸ் கன்னுக்கு மெல்லியது, பெரிய கன்னுக்குத் தடித்தது. மாற்றிப் போட்டால் ஒன்று நுழையாது, இல்லாவிட்டால் பசை பின்பக்கமாக வழியும்.

பிளக் போட்டவுடன் விசையை அழுத்திப் பார்க்கிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. குச்சி இளகாதபோது அழுத்தினால் விசைதான் உடையும். ஐந்து நிமிஷம் பொறுங்கள். மூக்கில் தானாக ஒரு முத்துச் சொட்டு எட்டிப் பார்த்தால் பதம் வந்துவிட்டது. முதல் இரண்டு சொட்டைத் தட்டில் விட்டுவிட்டு ஆரம்பியுங்கள். கன்னைக் கீழே வைக்கும்போது அதன் கம்பிக் காலில், மூக்கு தரையைப் பார்க்க நிற்க வேண்டும். படுக்க வைத்தால் உருகிய பசை பின்னால் ஓடிச் சூட்டுப் பகுதிக்குள் போய்விடும். கன் கெடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பாதி உருகிய குச்சியைப் பின்னால் இழுத்து எடுக்கவும் கூடாது. வேறு கலர் குச்சி போட வேண்டுமானால் பழையதன் பின்னாலேயே புதியதைச் செருகித் தள்ளிவிடுங்கள்.

ஒட்டுவதற்கு முன்னால் பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். பசை விட்டபிறகு "இப்படி வைக்கலாமா, அப்படி வைக்கலாமா" என்று யோசிக்க நேரமில்லை. 15, 20 விநாடிக்குள் காரியம் முடிய வேண்டும். லேஸ், ஜரிகை பார்டர் போல நீளமாக ஒட்டுவதானால் ஒரு சாண், ஒரு சாணாகப் போங்கள். முழு நீளத்துக்கும் பசை இழுத்துவிட்டுத் திரும்பி வந்தால் ஆரம்பத்தில் விட்டது கல்லாகியிருக்கும். ஒரு முத்துக்கு ஒரு துவரம் பருப்பளவு பசை போதும். நிறைய விட்டால் கெட்டியாக ஒட்டும் என்பது பிரமை. பக்கவாட்டில் பிதுங்கி அசிங்கமாகத் தெரியும், அழுத்துகிற விரலையும் சுடும். விரலால் அழுத்தாமல் ஐஸ் குச்சியாலோ, பென்சிலின் பின்புறத்தாலோ அழுத்துங்கள். குந்தன் கல், மணி போன்ற பொடி சாமான்களைப் பிடிக்கப் புருவம் திருத்துகிற பிளக்கர் இருக்கிறதே, அதுவே போதும். வேலை முடிந்தபின் சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் நிற்கும்; ஹேர் டிரையரைத் தூரமாகப் பிடித்தால் சுருண்டு காணாமல் போய்விடும்.

தெர்மகோலுக்கு ஒரு தனி உபாயம். நேராகப் பசை விட்டால் தெர்மகோல் உருகிக் குழி விழுந்துவிடும். பசையை அட்டையிலோ துணியிலோ விட்டு, மனசுக்குள் ஐந்து எண்ணிவிட்டு, பிறகு தெர்மகோல்மேல் அழுத்துங்கள். குறைந்த சூட்டுக் கன் இருந்தால் இந்தத் தொல்லை குறைவு.

அட்டை, மரம், சணல், துணி, மண்பாண்டம் இவற்றில் எல்லாம் இந்தப் பசை கெட்டியாகப் பிடிக்கும். சொரசொரப்பு இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். கண்ணாடி, வழுவழுப்பான டைல்ஸ், பிளாஸ்டிக் வாளி, டிபன் டப்பா இவற்றில் ஒட்டினது மாதிரி பாவனை காட்டிவிட்டு இரண்டு நாளில் உரிந்துவிடும். எவர்சில்வர், பித்தளையில் பசை விழுந்ததுமே ஆறிவிடுகிறது. அதனால் தாம்பாளத்தை நன்றாகத் துடைத்து, சிறிது நேரம் வெயிலில் வைத்துச் சூடேற்றிவிட்டு ஒட்டினால் கொஞ்சம் தாங்கும். கொலு பொம்மையின் விரல் உடைந்ததற்கு அவசரத்துக்கு ஒரு சொட்டு விடலாம். ஆனால் பிறகு பிய்த்தால் வர்ணமும் சேர்ந்து உரிந்து வரும். எனக்கென்னவோ, பொம்மை ரிப்பேருக்கு எம்-சீல்தான் மேல் என்று படுகிறது.

தோரணத்தை நிலைப்படியில் மாட்டிவிட்டு, ஸ்டூல்மேல் ஏறி நின்று, அண்ணாந்து பார்த்தபடி பூவை ஒட்டுவார்கள் சிலர். சொட்டு எங்கே விழும்? முகத்தில்! மேஜையில் வைத்து ஒட்டி முடித்துவிட்டு மாட்டுங்கள்.

சூடு படுகிற இடத்துக்கு ஆகாது

பாகு என்று சொன்னேன் அல்லவா? ஆறினால் இறுகுகிற பாகு, சூடு பட்டால் திரும்பவும் இளகத்தானே செய்யும்! பெரும்பாலான குச்சிகள் 60, 70 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு சாதாரணம். டாஷ்போர்டில் இதை வைத்து ஒட்டின பிள்ளையார், சித்திரை மாதம் சாய்ந்து படுத்துவிடுவார்.

அது சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாத விஷயம், ஆரத்தித் தட்டு. இப்போது கல்யாணங்களில் ஆரத்தித் தட்டை முத்து, கல், லேஸ், துணிப் பூ எல்லாம் வைத்து ஜோடிக்கிறார்கள். பார்க்கக் கண் கொள்ளாத அழகு. ஆனால் அதன் நடுவிலேயே கற்பூரத்தை ஏற்றினால்? பசை இளகும், பூ கழன்று தீயில் சாயும், பசையே எரியக்கூடிய பொருள்தான். தட்டைப் பிடித்திருக்கிற பெண்ணின் கையோ பட்டுப் புடவைக்குள். ஆகவே ஜோடித்த தட்டு பார்வைக்கு மட்டும் இருக்கட்டும். கற்பூரம் ஏற்றுவதற்கு எப்போதும்போல வெறும் பித்தளைத் தட்டு. ஆர்டர் எடுத்துச் செய்கிற சகோதரிகள் இதை வாங்குகிறவர்களிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் அகல் விளக்கின் விளிம்பில் கண்ணாடிச் சில்லு ஒட்டுவதற்கும் இந்தப் பசை வேண்டாம்.

குக்கர் கைப்பிடி, தோசைக்கல் பிடி, மிக்ஸி ஜாரின் உடைந்த காது, பிளந்துபோன பிளக் என்று எதற்கெடுத்தாலும் க்ளூ கன்னைத் தூக்கிக்கொண்டு வருகிற கணவன்மார்கள் உண்டு. "இதுக்கு இல்லைங்க" என்று பிடுங்கி வைத்துவிடுங்கள். பாதி தூக்கும்போது கைப்பிடி கழன்றால், கொதிக்கிற குழம்பு யார் காலில் விழும் என்று யாரும் சொல்ல முடியாது. சாப்பாடு படுகிற இடத்துக்கும் இது ஆகாது.

இளம் தாய்மார்களுக்கு இன்னொன்று. மூன்று வயசுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு இந்தப் பசையால் முத்து ஒட்டிய கிளிப்பும், பட்டன் கண் ஒட்டிய துணிப் பொம்மையும் தராதீர்கள். வாயில் வைத்துக் கடித்துக் கடித்தே பிய்த்துவிடும். பிய்ந்த முத்து தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பொம்மைக்குக் கண் வேண்டுமானால் கறுப்பு நூலால் தைத்துவிடுங்கள். அதுவும் அழகாகத்தான் இருக்கும்.

சரி, எத்தனை வயசில் பிள்ளைகள் கையில் கன்னைக் கொடுக்கலாம்? என் அபிப்பிராயம், பத்து வயசுக்கு முன்னால் வேண்டவே வேண்டாம். அதற்குள் வெட்டுகிற வேலை, வர்ணம் தீட்டுகிற வேலை, எங்கே எதை வைப்பது என்று அதிகாரம் பண்ணுகிற வேலை எல்லாம் அவர்களுடையது. பசை மட்டும் அம்மா. பத்துக்கு மேல் குறைந்த சூட்டுக் கன்னாக வாங்கி, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்து பழக்கலாம்.

வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றுங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாதா என்றால், போதாது. கரண்ட் போன சமயத்தில் கன்னை அப்படியே மறந்துவிட்டுக் கடைக்குப் போய்விடுகிறோம். நாம் இல்லாதபோது கரண்ட் வந்து, கன் ஆளில்லாத அறையில் காய்ந்துகொண்டிருக்கும். நீளமான வேலையாக இருந்தாலும் அரை மணிக்கு ஒருதரம் கழற்றி ஆறவிடுவது கன்னுக்கும் நல்லது. கழற்றியபின் அதே தட்டில், கையெட்டாத உயரத்தில், இன்னொரு அரை மணியாவது நிற்கட்டும். சூடாயிருக்கும்போது பெட்டிக்குள் போட்டு மூடாதீர்கள். ஒயரை அதன் கழுத்தில் இறுக்கிச் சுற்றவும் வேண்டாம்; உள்ளே கம்பி அறுந்துபோகும்.

கடைசியாக, பட்டுப் புடவையில் சொட்டு விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். சூடாக இருக்கும்போது தேய்த்தால் இழைக்குள் இறங்கிவிடும்; அப்படியே ஆறவிடுங்கள். புடவையை மடித்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீஸரில் ஒரு மணி நேரம் வையுங்கள். பசை மொறுமொறுவென்று ஆகிவிடும். நகத்தால் மெல்ல நெம்பினால் பெரும்பாலும் தூக்கிக்கொண்டு வரும். மேஜை, டைல்ஸ், கண்ணாடியில் விழுந்ததற்கு ஸ்பிரிட்டையோ சானிடைஸரையோ ஓரமாக இரண்டு சொட்டு விட்டு ஒரு நிமிஷம் கழித்து எடுத்தால் பிடி விட்டுவிடும். அதற்கு முன் கன்னின் பிளக்கைக் கழற்றியிருக்க வேண்டும், ஏனென்றால் இரண்டும் சட்டென்று தீப்பற்றும். பட்டில் இதைப் பரீட்சை பண்ணாதீர்கள், சாயம் போகலாம். ஜரிகைமேல் விழுந்திருந்தால் நெம்பவும் வேண்டாம். டிரை கிளீனரிடம் கொடுத்து, "இது க்ளூ கன் பசை, இஸ்திரி போட்டுடாதீங்க" என்று சீட்டு எழுதிப் பின் குத்திக் கொடுங்கள்.